செயின்சா ஓடும்போது கை நீட்டாதீர்!



பால்மரம் 25, 30 வயதானால் வெட்டிச் சாய்த்து மறுநடவு செய்வது நம் ஜொகூர் தோட்டங்களின் வழக்கம். ஒரு காலத்தில் அந்த மரம் புகைக்கூடத்துக்கும் வீட்டு அடுப்புக்கும் விறகானது. 1980-களிலிருந்து நாற்காலி, மேசை செய்யும் மரமாகவும் பெயர் வாங்கிவிட்டது. மூவார் வட்டாரத் தொழிற்சாலைகளே அதற்குச் சாட்சி. கோடாலியும் இழுவாளும் செய்த வேலையை இன்று பெட்ரோலில் ஓடும் செயின்சா செய்கிறது. வேலை சுலபம்தான். ஆனால் காயம் சுலபமானதல்ல.

அரிவாள் வெட்டு கோடு போட்டது போல இருக்கும். தையல் போட்டால் கூடிவிடும். செயின்சா அப்படியல்ல. முழு வேகத்தில் அதன் சங்கிலி வினாடிக்குச் சுமார் 20 மீட்டர் ஓடுகிறது. அதன் பற்கள் சதையைப் பிய்த்துக்கொண்டு போகும். எண்ணெய், மரத்தூள், மண் எல்லாம் காயத்துக்குள் தங்கும். "இருபது வருசமா வெட்டுறேன், எனக்கா தெரியாது?" என்பவருக்கும் சங்கிலி ஒன்றுதான்.

எப்படி அடிபடுகிறது?

பிளேடு நுனியின் மேல்பாதி மரத்திலோ கிளையிலோ பட்டால், மெஷின் கண் இமைக்கும் நேரத்தில் முகத்தை நோக்கி எகிறும். அதனால்தான் முன்பிடிக்கு முன்னே சங்கிலி பிரேக் வைத்திருக்கிறார்கள். அது வேலை செய்யாத மெஷினைத் தொடாதீர்கள். இரண்டு கையாலும், கட்டைவிரல் பிடியைச் சுற்றி இருக்கும்படி பிடியுங்கள். தோளுக்கு மேலே வெட்டாதீர்கள். ஏணியில் நின்றும் வெட்டாதீர்கள்.

ஸ்டார்ட் செய்வதற்கு மெஷினைத் தரையில் வைத்து, பிரேக்கைப் போட்டு, வலது காலால் பின்பிடியை மிதித்து, இடது கையால் முன்பிடியை அழுத்திக்கொண்டு கயிற்றை இழுக்க வேண்டும். தொங்கவிட்டுக்கொண்டே இழுப்பது தொடையை வெட்டும் வழி.

சங்கிலி சிக்கினாலும், தளர்ந்தாலும், இடம் மாறி நடந்தாலும் முதலில் எஞ்சினை நிறுத்துங்கள். விறகு துண்டு போடும்போது கட்டையைப் பிடிக்கப் பையனைக் கூப்பிடாதீர்கள். தாங்கியில் வைத்து வெட்டுங்கள். மரம் சாய்க்கும்போது மற்றவர்கள் இரண்டு மர உயரத்துக்கு அப்பால் நிற்க வேண்டும். தனியாளாக வெட்டப் போகவே கூடாது. அடிபட்டால் ஓடிவந்து சொல்ல ஓர் ஆள் வேண்டாமா?

கைலி, சிலிப்பர், கழுத்தில் துண்டு ஆகாது. தலைக்கவசம், முகத்திரை, காதடைப்பான், சங்கிலியைச் சிக்கவைத்து நிறுத்தும் கால்காப்பு, பூட்ஸ் வேண்டும்.

பெட்ரோல்

எஞ்சின் ஆறிய பிறகே ஊற்றுங்கள். சிந்தியதைத் துடைத்து, ஊற்றிய இடத்திலிருந்து 3 மீட்டர் தள்ளிப்போய் ஸ்டார்ட் செய்யுங்கள். சிகரெட் கூடாது. மூடிய ஸ்டோருக்குள் எஞ்சினை ஓடவிட்டால் அதன் புகை வாசனை தெரியாமலே ஆளைக் கொல்லும்.

ரப்பர் குழாயை வாயில் வைத்துப் பெட்ரோல் உறிஞ்சும் பழக்கம் இன்னும் போகவில்லை. உள்ளே போனது வயிற்றைவிட நுரையீரலுக்கே பெரிய கெடுதல். அப்படிப்பட்டவரை வாந்தி எடுக்க வைக்காதீர்கள்; எடுத்தால் அது திரும்பவும் நுரையீரலுக்குள் இறங்கும். பால், எண்ணெய் எதுவும் கொடுக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். குளிர்பான பாட்டிலில் பெட்ரோல் வைக்காதீர்கள், பிள்ளை குடித்துவிடும்.

மெதுவாக வரும் கெடுதல்

செயின்சா சத்தம் 100 டெசிபலைத் தாண்டும். 2019-ஆம் ஆண்டு விதிகளின்படி எட்டு மணி நேர வேலைக்கு எல்லை 85 டெசிபல்தான். போன காது திரும்பாது. மெஷினின் அதிர்வால் விரல் நரம்பும் ரத்தக்குழாயும் கெடும். குளிர்நாடுகளில் விரல் வெளுத்துப்போகும். நம் ஊர் வெப்பத்தில் மரமரப்பும் குறுகுறுப்புமே முதலில் தெரியும். இரவில் விரல் மரத்துப்போகிறவர் உடனே மருந்தகத்தில் சொல்லவும்.

அடிபட்டால் என்ன செய்வது?

1. எஞ்சினை நிறுத்தி, 999-க்கு அழையுங்கள்.
2. சுத்தமான துணியால் காயத்தை இறுக்கி அழுத்துங்கள். துணி நனைந்தால் எடுக்காமல் மேலே இன்னொன்று வைத்து அழுத்துங்கள்.
3. கை, காலில் ரத்தம் பீச்சி அடித்து அழுத்தியும் நிற்காவிட்டால், காயத்துக்கு மேலே, மூட்டின் மீது படாமல், அகலத் துணியால் இறுகக் கட்டி, கட்டிய நேரத்தை எழுதிவையுங்கள். வழியில் அவிழ்க்காதீர்கள்.
4. காப்பித்தூள், மஞ்சள், புகையிலை எதையும் அப்பாதீர்கள். டாக்டர் அதைக் கழுவி எடுப்பதற்கே பாடுபட வேண்டியிருக்கும்.
5. துண்டான விரலை ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் கட்டி, அந்தப் பையை ஐஸில் வையுங்கள். விரல் நேரடியாக ஐஸில் படக்கூடாது.
6. சிறு காயமானாலும் ரணஜன்னி ஊசி பற்றிக் கேளுங்கள்.

உங்கள் உரிமை

1994-ஆம் ஆண்டுத் தொழிலியல் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டப்படி தர வேண்டிய பாதுகாப்புச் சாதனங்களுக்கு நிர்வாகம் உங்களிடம் காசு பிடிக்க முடியாது. இச்சட்டத்தின் திருத்தம் 1.6.2024 முதல் அமலில் இருக்கிறது. உடனடி ஆபத்தைச் சொல்லியும் நிர்வாகம் சரிசெய்யாவிட்டால், அந்த இடத்தை விட்டு விலக உங்களுக்கு உரிமை உண்டு.

விபத்து நடந்தால் உடனே கிராணியிடம் சொல்லிப் பதிவு செய்யுங்கள். தகவல் கிடைத்த 48 மணி நேரத்துக்குள் முதலாளி சொக்சோவுக்குத் தெரிவிக்க வேண்டும். 2019 முதல் வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கும் இந்தப் பாதுகாப்பு உண்டு. "சின்னக் காயம்தானே" என்று விட்டுவிட்டால், பிறகு விரல் மடங்காமல் போகும்போது காட்ட ஆதாரம் இருக்காது.

நாளைக் காலைப் பெரட்டில் செயின்சா வாங்குகிறவர், கையெழுத்துப் போடும் முன் சங்கிலி பிரேக்கைச் சோதித்துப் பாருங்கள். பழுதென்றால் திருப்பிக் கொடுங்கள். ஒரு நாள் வேலை போனால் மறுநாள் செய்யலாம். போன கை வராது.