காப்பி, டீ, எனர்ஜி பானம்: நாம் விற்கும் காஃபின் எவ்வளவு?

வில்லியனூர், பாகூர் பக்கத்து மளிகைக் கடைகளில் காப்பித்தூளும் தேயிலையும் தலைமுறையாக விற்கிறோம். இப்போது அவற்றோடு எனர்ஜி பானமும் ஃபிரிட்ஜின் முன்வரிசைக்கு வந்துவிட்டது. மூன்றிலும் வேலை செய்யும் சரக்கு ஒன்றுதான்: காஃபின்.

உழைக்க உழைக்க நம் மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்து, "அசதியாக இருக்கிறது, படு" என்று உணர்த்தும். அது போய் உட்கார வேண்டிய இடத்தில் காஃபின் உட்கார்ந்துகொள்கிறது. ஆகவே அசதி தெரியாது. ஆனால் அசதி தீர்ந்துவிடவில்லை. குடித்ததில் பாதி உடலை விட்டு நீங்கவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். மாலை ஆறு மணிக்குக் குடித்த ஸ்டிராங் காப்பி, இரவு பதினொன்றுக்கும் பாதி பாக்கி நிற்கும். கர்ப்பிணிகளுக்கு இந்த நேரம் இன்னும் நீளும்.

ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட உணவு வழிகாட்டியின்படி, 150 மி.லி. டிக்காஷன் காப்பியில் 80 முதல் 120 மில்லிகிராம், இன்ஸ்டன்ட் காப்பியில் 50 முதல் 65, டீயில் 30 முதல் 65 மில்லிகிராம் காஃபின் இருக்கும். நாளொன்றுக்கு 300 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்கிறது அதே வழிகாட்டி. சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் காப்பி, டீ வேண்டாம் என்றும் சொல்கிறது. இவற்றிலுள்ள டானின், உணவின் இரும்புச்சத்து உடலில் சேராமல் தடுக்கும். நடவுக்கும் களையெடுப்புக்கும் போகும் பெண்கள் பலர் டீயும் பன்னுமாகப் பகலை ஓட்டுவதைப் பார்க்கும் நமக்கு இது முக்கியமான செய்தி. 2019-21 தேசிய குடும்பநல ஆய்வில், 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு இரத்தசோகை இருந்தது.

சிக்கரியில் காஃபின் அறவே இல்லை. காப்பி-சிக்கரி கலவையில் காப்பி குறைந்தது 51 சதவீதம் இருக்க வேண்டும் என்பது சட்டம். இரவில் தூக்கம் பிடிக்கவில்லை என்று சொல்லும் வாடிக்கையாளருக்குச் சிக்கரி கூடுதலாக உள்ள தூளைத் தாராளமாகக் கொடுக்கலாம். அதைக் கலப்படம் என்று ஏளனமாகப் பார்ப்பவர்கள் உண்டு. விகிதத்தைச் சொல்லி விற்றால் அது கலப்படம் ஆகாது.

எனர்ஜி பானத்துக்கு வருவோம். ஒரு லிட்டரில் 145 முதல் 300 மில்லிகிராம் வரை காஃபின் இருக்கலாம் என்று உணவுப் பாதுகாப்பு விதி அனுமதிக்கிறது. அப்படியானால் 250 மி.லி. பாட்டிலில் 75 மில்லிகிராம் வரை இருக்கலாம். இது ஒரு நல்ல காப்பிக்குச் சமம்தானே என்று கேட்கலாம். காப்பியைச் சூட்டோடு கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கிறோம். ஜில்லென்று இனிக்கும் பாட்டிலை வெயிலில் வரும் பையன் இரண்டு மடக்கில் காலி செய்துவிட்டு இன்னொன்று கேட்பான். முப்பது கிலோ எடையுள்ள பிள்ளைக்கு அதே அளவு இரட்டிப்பாக வேலை செய்யும்: படபடப்பு, கை நடுக்கம், தூக்கமின்மை. பரீட்சைக்குக் கண்விழிக்க வாங்குபவன் மறுநாள் தூங்கி விழுவான்.

குழந்தைகள், கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்களுக்கு ஏற்றதல்ல என்றும், நாளைக்கு 500 மி.லி.க்கு மேல் வேண்டாம் என்றும் லேபிளிலேயே அச்சிட வேண்டும் என்பது விதி. அந்த எழுத்து பொடியாக இருக்கும், வாங்குபவர் படிப்பதில்லை. ஆகவே சொல்ல வேண்டியவர் கல்லாவில் இருப்பவர்தான். பள்ளிச் சீருடையில் வந்து கேட்டால் மோர் பாக்கெட்டை எடுத்துக் கொடுங்கள். சோடா, பழரசத்தோடு கலக்காமல் இந்தப் பாட்டில்களைத் தனித் தட்டில் வைத்தால், கடைப் பையனுக்கும் எடுத்துக் கொடுக்கும்போது குழப்பம் வராது.