பல்லின் வேர் நுனி அறுவை: சொல்லப்படுவதும் உள்ளதும்

வேர் சிகிச்சை முடிந்து, கேப்பும் போட்டாயிற்று. சில வருடங்கள் தொந்தரவு இல்லை. பிறகு ஒரு நாள் அதே பல்லுக்கு மேலே ஈறில் சின்னதாக ஒரு கொப்புளம் தெரிகிறது. அழுத்தினால் சீழ் வருகிறது, வலி மட்டும் பெரிதாக இல்லை. பல் மருத்துவர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு, “வேர் நுனியில் கட்டி மாதிரி இருக்கிறது. சின்ன ஆபரேஷன் செய்து நுனியை எடுத்துவிடலாம்” என்கிறார். வீடு திரும்பியதும் ஆளுக்கொரு யோசனை வரும். மேல் பல்லில் கத்தி பட்டால் கண் போய்விடும் என்பார் பெரியம்மா. பல்லையே பிடுங்கிப் போடு என்பார் அண்ணன். மாத்திரை போட்டால் அமுங்கிவிடும் என்பார் மருந்துக் கடைக்காரர்.

இவற்றை ஒவ்வொன்றாகப் பார்க்குமுன், அபிக்கோஎக்டமி என்று மருத்துவர்கள் குறிப்பிடும் இந்த அறுவையில் என்னதான் நடக்கிறது என்று தெரிந்துகொள்வோம். அந்தப் பல் இருக்கும் பக்கம் மட்டும் ஊசி போட்டு மரத்துப்போகச் செய்கிறார்கள். ஈறைக் கீறி விலக்கி, எலும்பில் சிறு திறப்பு செய்து, வேரின் கடைசி 3 மில்லிமீட்டரை வெட்டி எடுக்கிறார்கள். அங்கே சேர்ந்திருக்கும் நோய்த்திசுவை வழித்து அகற்றுகிறார்கள். வெட்டிய முனையில் தெரியும் வேர்க்குழாயை அந்தப் பக்கத்திலிருந்தே சுத்தம் செய்து, மருந்துச் சிமென்டால் அடைத்து, ஈறைத் தைத்துவிடுகிறார்கள். பல் தன் இடத்திலேயே இருக்கும், கேப்பும் அப்படியே இருக்கும்.

“நுனியில் உள்ள கட்டியை எடுத்தால் நோய் போய்விடும்”

இது நோயாளிகளிடம் மட்டும் உள்ள நம்பிக்கை இல்லை. ஒரு காலத்தில் அறுவையும் இந்த எண்ணத்தோடுதான் செய்யப்பட்டது. எக்ஸ்ரேயில் கருப்பாகத் தெரிவது பெரும்பாலும் கிரானுலோமா எனும் அழற்சித் திசு, அல்லது நீர்க்கட்டி. இரண்டில் எது என்று எக்ஸ்ரேயை வைத்து உறுதியாகச் சொல்ல முடியாது. எடுத்த திசுவைப் பரிசோதனைக்கு அனுப்பினால்தான் தெரியும். பயாப்ஸி என்றதுமே புற்றுநோயோ என்று பதற வேண்டாம். அது வழக்கமான நடைமுறை. மருத்துவர் அனுப்பாவிட்டால், அனுப்புங்கள் என்று நீங்களே கேட்கலாம்.

அந்தத் திசு உருவானதற்குக் காரணம் வேர்க்குழாய்க்குள் தங்கிவிட்ட கிருமிகள். வேர்க்குழாய் நேராக ஓடும் ஒற்றைக் குழாய் இல்லை. நுனியை நெருங்க நெருங்க நுண்ணிய கிளைகளாகப் பிரிகிறது. அந்தக் கிளைகளில் மிகப் பெரும்பாலானவை கடைசி 3 மில்லிமீட்டரில்தான் இருக்கின்றன. வெட்டும் அளவு 3 மில்லிமீட்டர் என்று வந்தது இதனால்தான். கிளைகளோடு நுனியை நீக்கிய பிறகு, மிச்சக் குழாயின் வாயைக் கசிவில்லாமல் அடைக்க வேண்டும். கட்டியை மட்டும் வழித்துவிட்டு இதைச் செய்யாமல் விடுவது, ஒழுகும் கூரையைச் சரிசெய்யாமல் தரையைத் துடைப்பதைப் போன்றது. சில மாதங்களில் கொப்புளம் திரும்பிவிடும்.

முன்பெல்லாம் பாதரசக் கலவையால் அடைத்தார்கள். அது காலப்போக்கில் கசிந்தது, சிலருக்கு ஈறில் கருநீலக் கறையும் விட்டது. 1990களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் லோமா லிண்டா பல்கலைக்கழகத்தில் மஹ்மூத் தோராபினெஜாத் குழுவினர் எம்.டி.ஏ. என்ற பொருளைக் கொண்டுவந்தார்கள். கட்டடத்துக்குப் பயன்படும் போர்ட்லாண்ட் சிமென்டை ஒத்த சேர்மானம் அது. ரத்தமும் ஈரமும் உள்ள இடத்திலும் இறுகும், சுற்றியுள்ள திசுவோடும் ஒத்துப்போகும். கூடவே அறுவை மைக்ராஸ்கோப்பும், குழாயின் திசையிலேயே குடையும் அல்ட்ராசோனிக் முனைகளும் வந்தன. 2010இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு பழைய முறையையும் புதிய முறையையும் ஒப்பிட்டது. பழைய முறையின் வெற்றி சுமார் 59 சதவீதம், புதிய முறையின் வெற்றி சுமார் 94 சதவீதம். பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தால் இரண்டாவது எண் கொஞ்சம் இறங்கும். ஆனாலும் “இந்த ஆபரேஷன் நிலைக்காது” என்று இன்றும் சொல்பவர்கள் மனதில் வைத்திருப்பது அந்தப் பழைய முறையைத்தான். ஆகவே அறுவைக்கு ஒப்புக்கொள்ளுமுன், மைக்ராஸ்கோப் பயன்படுத்துவீர்களா, நுனியை எந்தப் பொருளால் அடைப்பீர்கள் என்று கேளுங்கள். இந்தத் துறையில் இருப்பவர் எவரும் அதைத் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

“மேல் பல்லில் கை வைத்தால் கண் பார்வை போகும்”

போகாது. பார்வைக்கான நரம்பு மூளையிலிருந்து கிளம்பும் இரண்டாவது நரம்பு. பற்களுக்கு வருவது ஐந்தாவது நரம்பு, அதாவது முக்கிளை நரம்பு. பல்லுக்கு உணர்ச்சி தரும் கிளைக்கும் பார்வைக்கும் சம்பந்தம் கிடையாது. இந்தப் பயம் எப்படி வந்திருக்கும் என்று யூகிக்க முடிகிறது. மேல் கோரைப்பல்லின் வேர் நீளமானது. அதில் சீழ் கட்டினால் வீக்கம் கண்ணுக்குக் கீழே ஏறி, கண்ணையே மூடிவிடும். அந்த நிலையில் பல்லைப் பிடுங்கப் போனவரைப் பார்த்து, பிடுங்கியதால்தான் கண் வீங்கியது என்று ஊர் முடிவு கட்டியிருக்கும். உண்மையில் கண்ணுக்கு ஆபத்து வருவது அந்தச் சீழைக் கவனிக்காமல் விடும்போதுதான். அரிதாக, தொற்று முகத்து ரத்த நாளங்கள் வழியே உள்ளே பரவி உயிருக்கே உலை வைக்கும்.

கவலைப்பட வேண்டிய நரம்பு வேறு இடத்தில் இருக்கிறது. கீழ்த்தாடையின் முன்கடைவாய்ப் பற்களுக்கு அருகே, கீழுதட்டுக்கும் முகவாய்க்கும் உணர்ச்சி தரும் நரம்பு வெளியே வருகிறது. அங்கே அறுவை செய்யும்போது நரம்பு இழுபட்டால் உதடு மரத்துப்போகலாம். பெரும்பாலும் வாரங்களிலோ மாதங்களிலோ சரியாகும், சிலருக்கு நீடிக்கும். மேல் கடைவாய்ப் பல் என்றால் வேர் நுனி சைனஸ் அறையை ஒட்டியிருக்கும். கீழ்த்தாடையின் இரண்டாம் கடைவாய்ப் பல்லில் எலும்பு தடிமனாக இருப்பதால் நுனியை எட்டுவதே கடினம், நரம்பும் பக்கத்தில் ஓடும். அங்கே பல்லைப் பத்திரமாக வெளியே எடுத்து, நுனியைச் சரிசெய்து, நிமிடங்களுக்குள் திரும்பப் பொருத்தும் முறையைச் சிலர் தேர்ந்தெடுக்கிறார்கள். இந்த இடங்களிலெல்லாம் சி.பி.சி.டி. எனும் முப்பரிமாண ஸ்கேன் எடுத்துப் பார்த்த பிறகே முடிவு செய்வது நல்லது.

“ஆன்டிபயாடிக் போட்டால் அமுங்கிவிடும்”

வேர் சிகிச்சை செய்த பல்லுக்குள் ரத்த ஓட்டம் இல்லை. ரத்தம் போகாத இடத்துக்கு விழுங்கிய மாத்திரையும் போகாது. வீக்கம் பரவி, காய்ச்சலும் வந்தால் மாத்திரை அவசியம். மற்றபடி அது வெளியில் உள்ள சீழைத் தற்காலிகமாக வற்றவைக்கும், உள்ளே இருக்கும் கிருமியைத் தொடாது. வலி இல்லையே என்று தள்ளிப்போடுவதும் தவறு. கொப்புளம் வழியே சீழ் வடிவதால்தான் அழுத்தம் ஏறாமல் வலி அடங்கியிருக்கிறது. எலும்பு உள்ளே அரித்துக்கொண்டே இருக்கும்.

“வேர் சிகிச்சை தோற்றால் அடுத்தது ஆபரேஷன்தான்”

என் பார்வையில், இருக்கும் நம்பிக்கைகளில் அதிகச் செலவு வைப்பது இதுதான். சில நேரம் மருத்துவமனையிலேயே இப்படிச் சொல்லிவிடுகிறார்கள். பெரும்பாலான பற்களுக்கு முதலில் யோசிக்க வேண்டியது மறு வேர் சிகிச்சை. அதாவது பழைய அடைப்பை எடுத்துவிட்டு, குழாய்களைத் திரும்பச் சுத்தம் செய்து அடைப்பது. மேல் முதல் கடைவாய்ப் பல்லில் கன்னப் பக்க முன்வேருக்குள் பெரும்பாலும் இரண்டாவதாக ஒரு குழாய் இருக்கும். கண்ணுக்கு எளிதில் சிக்காத அந்தக் குழாய் முதல் முறை விடுபட்டிருந்தால், உள்ளே முழுக்கக் கிருமி இருக்கும். அதை அப்படியே விட்டு நுனியை மட்டும் வெட்டினால் பயன் நிற்காது. கேப்பின் ஓரத்தில் சொத்தை விழுந்து எச்சில் உள்ளே கசிந்தாலும் அதே கதைதான்.

அறுவைக்கு நியாயம் எப்போது? மறு சிகிச்சையைச் சரியாகச் செய்தும் நோய் தீராதபோது. குழாய்க்குள் கருவி முறிந்து வழியை அடைத்திருக்கும்போது. கேப்பைத் தாங்க வேருக்குள் இறக்கிய கம்பியை எடுத்தால் வேரே பிளந்துவிடும் என்ற நிலை இருக்கும்போது. ஆனால் வேரில் நெடுக விரிசல் விழுந்திருந்தால் எந்த அறுவையும் உதவாது. அந்தப் பல்லை எடுப்பதுதான் நேர்மையான வழி. விரிசல் எக்ஸ்ரேயில் எப்போதும் தெரியாது. ஈறைத் திறந்த பிறகே கண்டுபிடிக்கும் சந்தர்ப்பங்களும் உண்டு. அப்படி இருந்தால் என்ன செய்வீர்கள் என்று முன்கூட்டியே பேசிவைத்துக்கொள்ளுங்கள்.

“பிடுங்கிவிட்டு இம்ப்ளான்ட் வைப்பதே மேல்”

நல்ல எலும்புப் பிடிப்போடு, விரிசல் இல்லாமல் இருக்கும் பல்லை இதற்காகப் பலிகொடுக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. சொந்தப் பல்லுக்கும் எலும்புக்கும் நடுவே மெல்லிய நார்ப்படலம் உண்டு. கடிக்கும் அழுத்தத்தை உணர்த்துவது அதுதான். இம்ப்ளான்டுக்கு அது கிடையாது. இம்ப்ளான்டைச் சுற்றியும் தொற்று வந்து எலும்பு கரையலாம். நாளை இந்தப் பல் கைவிட்டாலும் இம்ப்ளான்ட் வைத்துக்கொள்ள முடியும், எடுத்துப் போட்ட பல்லைத் திரும்ப வைக்க முடியாது. ஆனால் ஈறு நோயால் ஆடும் பல், வேர் ஏற்கெனவே குட்டையான பல் என்றால் கணக்கு மாறும்.

“சர்க்கரை, இதய நோய் இருந்தால் செய்யவே கூடாது”

செய்யலாம், எல்லாவற்றையும் சொல்லிவிட்டு. சர்க்கரை கட்டுக்குள் இருக்க வேண்டும். ஆஸ்பிரின், குளோபிடோக்ரல் போன்ற மாத்திரைகளை நீங்களாக நிறுத்தாதீர்கள். ரத்தம் கசிவதை மருத்துவர் சமாளிப்பார், மாத்திரையை நிறுத்தியதால் வரும் மாரடைப்பை அந்த நாற்காலியில் சமாளிக்க முடியாது. செயற்கை இதய வால்வு உள்ளவர்களுக்கு முன்னதாகவே ஆன்டிபயாடிக் தர வேண்டியிருக்கும். பலர் சொல்ல மறப்பது எலும்பு மெலிவுக்கான மருந்தை. அலெண்ட்ரோனேட் மாத்திரையோ, ஆண்டுக்கு ஒருமுறை போடும் ஸோலெட்ரோனிக் ஆசிட் ஊசியோ, டெனோசுமாப் ஊசியோ எடுத்தவர்களுக்குத் தாடை எலும்பு ஆறாமல் போகும் அபாயம் உண்டு. “வாரம் ஒரு மாத்திரைதானே” என்று அம்மாவோ மாமியாரோ விட்டுவிடுவார்கள். கூட வருபவர் நினைவூட்ட வேண்டும்.

“பருப்பு, முட்டை, மீன் சாப்பிட்டால் சீழ் பிடிக்கும்”

புண் ஆறப் புரதம் வேண்டும், அது இவற்றில்தான் இருக்கிறது. குழையவிட்ட பருப்புச் சாதம், அவித்த முட்டை, முள் நீக்கிய மீன் எல்லாம் தாராளமாகச் சாப்பிடலாம். காரமும் சூடும் சில நாள் குறைவாக இருக்கட்டும். உண்மையில் விலக்க வேண்டியவை பீடி, சிகரெட், புகையிலை. வெந்நீர் ஒத்தடத்தையும் முதல் நாள் தவிருங்கள். கன்னத்தின் வெளியே ஐஸ் ஒத்தடம்தான் அன்றைக்கு உகந்தது. வீக்கம் இரண்டாம், மூன்றாம் நாள் கூடி, பிறகு இறங்கும். வலி பெரும்பாலும் சாதாரண வலி மாத்திரைக்கு அடங்கும். தையலைப் பார்க்க உதட்டை இழுத்து இழுத்துக் கண்ணாடியில் பார்க்காதீர்கள், தையல் பிரிந்துவிடும்.

“எக்ஸ்ரேயில் கருப்பு மறையவில்லை, ஆபரேஷன் தோற்றுவிட்டது”

அவசரப்பட வேண்டாம். எலும்பு நிரம்ப ஆறு மாதம் முதல் ஒரு வருடமோ அதற்கு மேலோ ஆகும். கட்டி பெரிதாக இருந்து எலும்பின் இரு பக்கச் சுவரும் போயிருந்தால், எலும்புக்குப் பதிலாகத் தழும்புத் திசு நிரம்பி, கருப்பு நிழல் நிரந்தரமாக நின்றுவிடுவதும் உண்டு. அது நோய் இல்லை. கொப்புளம், வலி, ஆட்டம் இல்லாமல், நிழல் வளராமல் இருந்தால் பல் நலமாகவே இருக்கிறது என்று பொருள். இதைச் சொல்ல முந்தைய படங்களோடு ஒப்பிட்டுப் பார்த்தாக வேண்டும். அதனால் ஆறாம் மாதமும் ஒரு வருடம் முடிந்ததும் மருத்துவர் வரச் சொன்னால் தவறாமல் போங்கள்.

செலவுக்குத் தயங்குபவர்கள் சென்னை அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற அரசுக் கல்லூரிகளில் உள்ள வேர் சிகிச்சைப் பிரிவையோ வாய் அறுவைப் பிரிவையோ அணுகலாம். எங்கே போனாலும் முதல் வேர் சிகிச்சையின்போது எடுத்த எக்ஸ்ரேயைக் கையோடு கொண்டுபோய், “இது ஏன் தோற்றது?” என்று கேளுங்கள். அதற்குத் தெளிவான பதில் கிடைக்கும்வரை அறுவைக்குக் கையெழுத்துப் போடாதீர்கள்.