காலை மனம், மாலை மனம்

பெங்களூர் கே.ஆர். மார்க்கெட்டில் ஓர் அம்மா பூக்கட்டி விற்கிறார். “இன்று இருபது ரூபாய் மிச்சம் பிடிக்க வேண்டும்” என்று காலையில் முடிவு செய்வார். மாலையில் போண்டா மணக்கும். பேரன் பொம்மை கேட்பான். காசு கரைந்துவிடும். ஜூன் மாதம் பள்ளிக் கட்டணத்துக்குக் கந்துவட்டிதான்.

அவருக்கு மன உறுதி இல்லையா? காலையில் இருந்தது. மாலையில் தளர்ந்தது. யாருக்கும் அப்படித்தான்.

1928-இல் உடுப்பியில் ஒரு வங்கி ‘பிக்மி’ சேமிப்பைத் தொடங்கியது. முகவர் தினமும் வாசலுக்கே வருவார். இரண்டு அணாகூடக் கட்டலாம். பின்னாளில் அது சிண்டிகேட் வங்கி ஆனது. 2020-இல் கனரா வங்கியுடன் இணைந்தது. கர்நாடகக் கூட்டுறவுச் சங்கங்களிலும் பிக்மி உண்டு.

பூக்கார அம்மா அப்படி ஒரு சங்கத்தில் சேர்ந்தார். முகவரைக் காலை பத்து மணிக்கே வரச் சொன்னார். அப்போது மனம் உறுதியாக இருக்கும். போண்டாச் சட்டி அடுப்பில் ஏறியிருக்காது. இருபது ரூபாயைக் கொடுக்கிறார். ரசீதில் உள்ள தொகையைத் தானே எழுத்துக்கூட்டிப் படிக்கிறார்.