வருமானமும் முதியோரின் உடல் வலுவும்



நம் பள்ளிவாசல்களில் தொழுகை வரிசையின் ஓரத்தில் நாற்காலிகள் கூடிக்கொண்டே வருகின்றன. நின்று தொழ இயலாதவர் உட்கார்ந்து தொழ மார்க்கம் இடம் தந்திருக்கிறது. அதில் குறையேதும் இல்லை. ஆனால் 60 வயதிலேயே ஸஜ்தாவிலிருந்து எழ முடியாமல் போவதற்கு வயது மட்டும் காரணமல்ல. வீட்டு வருமானத்துக்கும் அதில் பங்கு உண்டு. இந்த மாதப் பாடத்தில் அதைப் பார்ப்போம்.

ஆய்வுகள் சொல்வது

2017-18இல் மும்பையிலுள்ள பன்னாட்டு மக்கள்தொகை அறிவியல் நிறுவனம் 45 வயதைக் கடந்தவர்கள், அவர்களின் வாழ்க்கைத் துணைகள் என 72,000க்கும் அதிகமான இந்தியர்களிடம் ஆய்வு நடத்தியது. கேள்வி கேட்டதோடு நிற்காமல் கைப்பிடி வலு, நடை வேகம், நிலை தடுமாறாமல் நிற்கும் திறன் ஆகியவற்றையும் அளந்தார்கள். வசதி குறைந்த வீட்டு முதியோரிடம் எடைக்குறைவும் கைப்பிடி வலுக்குறைவும் அதிகம். வசதியான வீடுகளில் சர்க்கரையும் இரத்தக் கொதிப்பும் அதிகம்.

கைப்பிடி வலு சிறிய விஷயமல்ல. 17 நாடுகளில் சுமார் 1,40,000 பேரைத் தொடர்ந்து கவனித்து 2015இல் வெளியான ஆய்வில், கைப்பிடி வலு 5 கிலோ குறையும்போது இறப்பு அபாயம் 16 சதவீதம் கூடியிருந்தது.

"உழைத்த உடம்பு தானே?"

விடியுமுன் ஜீப்பில் போடிமெட்டு ஏறி ஏலத்தோட்டத்தில் வேலை பார்த்தவருக்கு உடற்பயிற்சி எதற்கு என்று நாம் கேட்பதுண்டு. உழைப்பு வேறு, உடல் வலு வேறு. சரிவில் குனிந்து காய் எடுப்பதும், நாள் முழுக்க உட்கார்ந்து ஏலக்காய் தரம் பிரிப்பதும் ஒரே மூட்டையும் ஒரே இடுப்பையும் தேய்க்கின்றன. தசை வளர உழைப்போடு புரதமும் ஓய்வும் வேண்டும். வருமானம் குறைந்தால் முதலில் குறைவது இந்த இரண்டும்தான். சோறு குறையாது, பருப்பும் முட்டையும் குறையும். அதிலும் கடைசியாகச் சாப்பிடும் அம்மாவின் தட்டில்தான் அதிகம் குறையும்.

பிறகு அது ஒரு சுழலாகிவிடுகிறது. வலு குறைந்தவரால் மலையேற முடியாது, கூலி நிற்கிறது. கூலி நின்றதும் சாப்பாடு இன்னும் சுருங்குகிறது. முழங்கால் வலிக்கு மருத்துவரைப் பார்ப்பதும் தள்ளிப்போகிறது. ஒருநாள் கீழே விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தால், பார்த்துக்கொள்ள வீட்டில் இன்னொருவரின் கூலியும் நிற்கிறது.

வீட்டிலேயே ஒரு சோதனை

சுவரோரம் உறுதியான நாற்காலி போடுங்கள். கைகளை மார்பில் கட்டிக்கொண்டு ஐந்து முறை எழுந்து உட்காரச் சொல்லுங்கள். பக்கத்தில் ஒருவர் நிற்கட்டும். 12 வினாடியோ அதற்கு மேலோ ஆனால் உடல் இயக்கத் திறன் குறைந்திருக்கிறது என்று ஆசிய மருத்துவ வல்லுநர் குழு 2019இல் வரையறுத்தது.

நாம் செய்யக்கூடியவை

1. உணவு: 50 கிலோ எடையுள்ள முதியவருக்கு நாளொன்றுக்குச் சுமார் 50 கிராம் புரதம் நல்லது. ஒரு முட்டையில் 6 கிராம், ஒரு கைப்பிடி நிலக்கடலையில் 7 கிராம் கிடைக்கும். பருப்பு, பயறு, மொச்சை, சுண்டல், மோர், சிறு மீன் என மூன்று வேளைக்கும் பிரித்துக் கொடுங்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரிடம் கேட்டுச் செய்யவும்.

2. பயிற்சி: வாரம் 150 நிமிட நடை, இரண்டு நாள் தசைப் பயிற்சி, மூன்று நாள் நிலை தடுமாறாமல் நிற்கும் பயிற்சி என்கிறது உலக சுகாதார அமைப்பு. நாற்காலியில் எழுந்து உட்காருவதே தசைப் பயிற்சி; செலவில்லை. நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் வந்தால் உடனே நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

3. மருத்துவம்: 2021 ஆகஸ்ட் 5இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சர்க்கரை, கொதிப்பு மாத்திரைகளும் இயன்முறை சிகிச்சையும் இலவசமாக வீட்டுக்கே வரும். நகர்ப்புற அல்லது ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதியுங்கள்.

4. உதவித்தொகை: ஆதரவற்ற முதியோருக்கான மாத உதவித்தொகை 2023இல் 1,200 ரூபாயாக உயர்த்தப்பட்டது. இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். முட்டை 7 ரூபாய் என்று வைத்தாலும், தினம் ஒன்று சாப்பிட மாதம் 210 ரூபாய் போதும்.

வசதியுள்ள குடும்பங்களுக்கு இரண்டு வேண்டுகோள். பக்கத்துத் தெருவுக்கும் வண்டியில் போகும் அத்தாவை நடக்க விடுங்கள். ரமலானில் ஏழை வீடுகளுக்குக் கொடுக்கும் பையில் அரிசியோடு இரண்டு கிலோ பருப்பும் ஒரு கிலோ நிலக்கடலையும் சேருங்கள். அந்த வீட்டுப் பெரியவர் பிறர் கை பிடிக்காமல் ஸஜ்தாவிலிருந்து எழ, இன்ஷா அல்லாஹ், அதுவும் ஒரு காரணமாகும்.