கிலுகிலுப்பைச் செடியும் அதன் விதையும்

திருவனந்தபுரத்தை அடுத்த கடற்கரை மணலிலும், பாதையோரத் தரிசுகளிலும், பொன்முடி போன்ற மலைகளின் புல்வெளிச் சரிவுகளிலும் இயற்கையாக வளரும் அவரைக் குடும்பச் செடிகளுள் கிலுகிலுப்பை இனங்கள் குறிப்பிடத்தக்கவை. முற்றிய காயினுள் விதைகள் காம்பினின்று கழன்றுவிடுகின்றன. காற்றடித்தால் காய் ஒலிக்கும். இவ்வொலியே செடிக்குப் பெயராயிற்று. லின்னேயஸ் இட்ட குரோட்டலேரியா என்னும் பேரினப் பெயரும் தாளக்கருவியைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லினின்று பிறந்ததே. வட அமெரிக்கப் புல்வெளிகளில் வளரும் பாப்டீசியா என்னும் அவரைக் குடும்பச் செடியின் காயும் இவ்வாறே ஒலிப்பதாகும்.

மலையாள நாட்டில் இதற்குத் தந்தலைக்கொட்டி என்று பெயர். 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக வெளிவந்த ‘ஹோர்த்துஸ் மலபாரிக்கஸ்’ நூலில் அப்பெயர் இடம்பெற்றுள்ளது. லத்தீன் மொழியிலிருந்த அந்நூலைக் கா. சு. மணிலால் ஆங்கிலத்தில் பெயர்க்க, திருவனந்தபுரத்திலுள்ள கேரளப் பல்கலைக் கழகம் அதனை 2003ஆம் ஆண்டில் வெளியிட்டது.

மலர் வண்ணத்துப்பூச்சி வடிவினது. மேலே அகன்ற கொடியிதழும், இருபுறமும் சிறகிதழ்களும், அடியில் படகிதழ்களும் அமைந்துள்ளன. பெருந்தேனீ வந்தமர்ந்ததும் அதன் எடையால் படகின் கூர்நுனி வழியே மகரந்தம் வெளித்தள்ளப்படுகின்றது. ஆசிரியர் ஒரு மலரைப் பறித்து விரலால் மெல்ல அழுத்தினால் மாணாக்கர் இதனை நேரிற் காணலாம்.

செடியை வேரோடு மண் சிதறாமல் தோண்டியெடுத்தால் சிறு முண்டுகள் தென்படும். அவற்றினுள் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைட்ரஜனைச் செடிக்கு உதவும் பொருளாக மாற்றுகின்றன. முண்டை நகத்தாற் கீறும்போது உட்புறம் இளஞ்சிவப்பாயிருந்தால் அது நன்கு தொழிற்படுகின்றது என்று அறியலாம். இப்பேரினத்தைச் சேர்ந்த சணப்பு பசுந்தாள் உரமாகப் பயிராவது இக்காரணத்தாலேயே. விதைத்த 45 முதல் 60 நாளைக்குள், பூக்கத் தொடங்கும் பருவத்தில் அதனை மடக்கி உழுதல் வேண்டும். தாமதித்தால் தண்டு நாராகி மட்குவது கடினம். காய் முற்றவிடாமல் உழுவதற்கு வேறொரு காரணமும் உண்டு.

கிலுகிலுப்பை இனங்கள் பலவற்றில், சிறப்பாக விதைகளில், கல்லீரலைக் கெடுக்கும் ஆல்கலாய்டுகள் உள்ளன. அவற்றுள் மோனோகுரோட்டலின் பெயர்பெற்றது. இவை கல்லீரலின் நுண்ணிய சிரைகளை அடைத்துவிடுகின்றன. வயிற்றில் நீர் கோத்து வீக்கம் உண்டாகின்றது. சாதாரணச் சமையல் வெப்பத்தால் இந்நஞ்சு முற்றிலும் அழிவதில்லை. ஆஸ்திரேலியாவின் வடபகுதியில் இவ்வினங்களை மேய்ந்த குதிரைகள் நோயுற்று மடிந்துள்ளன. ஆனால் நீலப்புலி முதலிய வண்ணத்துப்பூச்சிகளின் ஆண்கள் வாடிய கிலுகிலுப்பைச் செடிகளில் மொய்த்து இந்நஞ்சையே உறிஞ்சிச் சேர்க்கின்றன. அது அவற்றின் இணைகூடலுக்கும் தற்காப்புக்கும் உதவுகின்றது. மாணாக்கருக்குக் காட்டத்தக்க வியப்பான காட்சி இது.

மனிதர்க்கு நேர்ந்த கேட்டுக்குச் சர்குஜா மாவட்டமே சான்று. அன்று மத்தியப் பிரதேசத்திலும் இன்று சத்தீஸ்கரிலும் உள்ள அம்மாவட்டச் சிற்றூர்களில் 1970களில் பலர் வயிறு வீங்கி நோயுற்றனர், பலர் மாண்டனர். உணவாகக் கொண்ட சாமைத் தானியத்தில் வயற் களையான கிலுகிலுப்பையின் விதை கலந்திருந்தமையே காரணம் என்று மருத்துவர் கண்டறிந்து, 1976ஆம் ஆண்டில் ‘லான்செட்’ இதழில் வெளியிட்டனர். எளியோர் வயலிற் கண்ட களையை நோயின் காரணமென்று எவரும் எளிதில் ஐயுறார்.

ஆகையால் சிறுதானிய வயல்களைப் பார்வையிடும் ஊழியர்கள், கதிர் முற்றுமுன்பே கிலுகிலுப்பைச் செடிகளைப் பிடுங்கிவிடுமாறு உழவரிடம் சொல்லுதல் வேண்டும். அறுவடைக்குப் பின் பிரிப்பது கடினம். களத்தில் குவிந்த தானியத்தில் ஒரு கைப்பிடி அள்ளி வெண்துணியிற் பரப்பினால், சிறுநீரக வடிவில் தட்டையாகப் பளபளக்கும் விதைகள் கண்ணுக்குப் படும். அத்தகைய தானியத்தை மனிதர்க்கோ கால்நடைக்கோ கொடுத்தல் கூடாது. வகுப்பில் காயை ஆட்டி ஒலிக்கச் செய்யும் ஆசிரியர், விதைகளை எண்ணிக் கொடுத்து எண்ணியே திரும்பப் பெறுவது நலம்.