பிரிந்த இடத்தைப் பார், அம்மிணி

காங்கேயம்

அன்புள்ள அம்மிணிக்கு,

உன் புராஜெக்ட் தாளைப் படித்தேன். காற்றாலை பிளேடில் வரும் சாண்ட்விச் பலகைக்குக் கார்பன் நானோகுழாயால் வலுவேற்றப் போகிறாய் என்றதும் மனசு நிறைந்துபோச்சு. பாலக்காட்டுக் கணவாய்க் காற்றை நம்பித் தாராபுரம், உடுமலை, பல்லடம் பக்கம் நிற்கிற காற்றாலைகளுக்குப் பிளேடு ரிப்பேர் பார்த்தே என் காலம் போனது. அந்த உரிமையில் எழுதுகிறேன்.

எத்தனை சதவீதம் கலப்பது என்று பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறாய். பலகை எங்கே உடைகிறது என்று ஒரு வரிகூட இல்லை. மேலும் கீழும் கண்ணாடி இழைத் தோல், நடுவில் பல்சா கட்டை அல்லது பிவிசி ஃபோம். வளையும்போது ஒரு தோல் இழுபடும், மற்றது அமுங்கும். இரண்டும் நழுவாமல் பிடித்திருப்பது நடுக்கட்டை. ஒட்டு விட்டால் அந்த விறைப்பு அத்தனையும் போச்சு. நான் திறந்து பார்த்தவற்றில் இழை அறுந்தது குறைவு. ஒட்டு விட்டதுதான் அதிகம். ஈரம் ஏறிய பல்சாவும், ரெசின் போய்ச் சேராத வறண்ட இடமும்தான் காரணம். அவற்றை எந்த நானோவும் சரிசெய்யாது.

அதனால் எதுவும் கலக்காத பலகையை முதலில் ஒழுங்காகப் போடு. கட்டையை உலர்த்து, வேக்குவம் கசிகிறதா பார். வளைத்தும் உடை, தோலை நேராக இழுத்துப் பிரித்தும் பார். அந்தக் கணக்கு கையில் இருந்தால்தான் கலந்த பலகை எவ்வளவு தேறியது என்று சொல்ல முடியும்.

குழாய்களை ரெசினில் பிரித்துவிடுவதுதான் பெரும்பாடு. கொதிக்கிற தண்ணீரில் ராகி மாவை ஒரேயடியாகக் கொட்டினால் கட்டி தட்டுமே, அப்படித்தான் இதுவும். அந்தக் கட்டியிலிருந்தே விரிசல் கிளம்பும். பெரும்பாலும் ஒரு சதவீதத்துக்குக் கீழேயே பலன் தெரியும். கூடினால் ரெசின் கெட்டியாகிக் கண்ணாடி இழைத் துணிக்குள் ஓடாது. ஓடினாலும் துணியே வடிகட்டியாகிவிடும், குழாய்கள் ரெசின் நுழையும் பக்கமே தங்கிவிடும். பலகையின் இரண்டு முனையிலும் துண்டு வெட்டிச் சோதித்துக்கொள். ஒலியலைக் கருவியில் கலக்கும்போது பாத்திரம் பனிக்கட்டித் தண்ணீரில் இருக்கட்டும். ரொம்ப நேரம் விட்டால் குழாய்களே துண்டாகும். ஹார்ட்னர் அதற்குப் பிறகுதான்.

ரெசின் முழுக்கக் கலக்காமல், தோலும் கட்டையும் சேரும் முகத்தில் மட்டும் பூசிப் பாரேன். செலவும் குறையும், ரெசின் ஓட்டமும் கெடாது. இந்த வழி எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது.

தூளை எடை போடும்போது ஃபேனை நிறுத்திவிடு. சரியான மாஸ்க், கையுறை இல்லாமல் டப்பாவைத் திறக்கவே கூடாது. நெஞ்சுக்குள் போனால் கெடுதல், கண்ணு.

உடைந்த துண்டுகளை எறிந்துவிடாதே. பிரிந்த இரண்டு முகத்தையும் பார். தோலோடு பல்சா நார் ஒட்டி வந்திருந்தால் ஒட்டு நின்றது, கட்டைதான் தோற்றது என்று அர்த்தம். அப்புறம் ஒட்டில் எவ்வளவு சேர்த்தும் பயனில்லை, அடர்த்தியான கட்டைக்கு மாறு. தோல் மொழுமொழுவென்று வந்திருந்தால் உன் நானோகுழாய்க்கு வேலை அங்கேதான்.

அன்புடன்,
மாமா