கோடு பொருந்தினால் போதுமா?

லேபில் கிராஃப் தாளில் புள்ளிகள் எல்லாம் ஒரே கோட்டில் விழுந்துவிட்டால் நமக்கு ஒரு நிம்மதி. 'ரீடிங் கரெக்ட்டுப்பா' என்று ரெக்கார்டு நோட்டை மூடிவிடுவோம். ஆனால் மூலக்கூறின் அமைப்பை வைத்து அதன் குணத்தைக் கணிக்கும் வேலையில் வில்லங்கமே அங்கேதான் ஆரம்பம்.

1947-இல் வீனர் என்பவர் கார்பன் சங்கிலியின் வடிவத்தைக் கொண்டு ஆல்கேன்களின் கொதிநிலையைக் கணித்தார். 1960-களில் ஹான்ஷும் ஃபுஜிட்டாவும் சேர்மங்களின் உயிரியல் செயல்திறனுக்கே சமன்பாடு தந்தார்கள். நாமும் ஒன்று போட்டுப் பார்ப்போமே!

பென்டேன் 36, ஹெக்சேன் 69, ஹெப்டேன் 98, ஆக்டேன் 126 டிகிரி செல்சியஸில் கொதிக்கின்றன. கார்பன் எண்ணிக்கைக்கு எதிராக வரைந்தால் அருமையான நேர்கோடு. ஒட்டுறவுக் கெழு 0.999! இனி என்ன வேண்டும் என்கிறீர்களா? இதில் நான்கு குழிகள் இருக்கின்றன.

1. எல்லை தாண்டுவது: அதே கோட்டை 20 கார்பன் வரை நீட்டினால் சுமார் 485 டிகிரி வரும். உண்மையான கொதிநிலை 343தான். எங்கே போயிற்று 0.999?

2. வடிவத்தை மறப்பது: 2,2-டைமெத்தில்பியூட்டேனுக்கும் கார்பன் ஆறுதான். கோடு சொல்வது 67, உண்மை 50. கிளைத்த மூலக்கூறு உருண்டையாக இருப்பதால் தொடும் பரப்பு குறைகிறது, ஈர்ப்பும் குறைகிறது. நம் கோட்டுக்கு எண்ணத்தான் தெரியும், கிளை தெரியாது.

3. மாறிகளைக் குவிப்பது: ஆறு சேர்மங்களுக்கு ஐந்து மாறிகளும் ஒரு மாறிலியும் போட்டால் லாட்டரிச் சீட்டு எண்கள்கூடக் கச்சிதமாகப் பொருந்தும்! 1972-இல் டாப்ளிஸும் காஸ்டெல்லோவும் இந்தத் தற்செயல் பொருத்தத்தைப் பற்றி எச்சரித்தார்கள். ஒரு மாறிக்கு ஐந்து சேர்மமாவது வேண்டும் என்பது பழகிய கணக்கு.

4. பார்த்த கேள்விக்கே பரீட்சை: மாடல் உருவாக்கிய சேர்மங்களை வைத்தே அதைச் சோதிப்பது, அவுட்டான கொஸ்டின் பேப்பரில் நூறு வாங்குவது போலத்தான். சில சேர்மங்களை முதலிலேயே எடுத்து ஒதுக்கி வையுங்கள். கடைசியில் அவற்றில் சோதியுங்கள்.

'மார்க்குதானே போகும்' என்று நினைக்காதீர்கள். கொதிநிலை தப்பினால் வடிகலன் தப்பும். நச்சுப் பொருளை 'பாதகமில்லை' என்று மாடல் சொல்லிவிட்டால், டாங்கைக் கழுவ இறங்கும் தொழிலாளிக்குத்தான் ஆபத்து. அதனால்தான் 2004-இல் ஓ.இ.சி.டி. நாடுகள் ஏற்ற ஐந்து விதிகளில், மாடல் எதுவரை செல்லும் என்று வரையறுப்பதும் ஒன்றாக இருக்கிறது.

நாளைக்கு ஃபேக்டரியில் யாராவது கம்ப்யூட்டர் தந்த எண்ணை நீட்டினால், கூச்சப்படாமல் கேளுங்கள்: "சார், இந்த மாதிரிச் சேர்மத்தை இந்த மாடல் முன்னே பார்த்திருக்கிறதா?"